மூன்று நிமிடம் பன்னிரண்டு செக்கன்

விடிந்ததும், பல் தீட்டுமுன், கோட்டைப் பார்க்கிறேன்.
மான் மேயும் கோட்டையை இல்லை,
போனில் ஓடும் கோட்டை.
எத்தனை பேர் என்னிடம் எத்தனை செக்கன்
தங்கினார்கள் என்று சொல்லும் கோடு.
இடப்பக்கம் உயரத்தில் தொடங்கும்;
"வணக்கம் உறவுகளே" என்று நான் வாய் மூடுமுன்
சுவாமி மலையில் கால் தட்டிய கல் மாதிரி
கீழே.
பதினோராவது செக்கனில் பாதிப் பேர் இல்லை.
போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை.

நிஃப்ராஸ்தான் கமரா. கிண்ணியாவில் இருந்து பாலம் தாண்டி வருவான்.
"முதல் மூன்று செக்கனில் அதிர்ச்சியாகு" என்பான்.
கொத்து ரொட்டிக்கு அதிர்ந்தேன்.
கன்னியா வெந்நீர் சுடுகிறது என்று அதிர்ந்தேன்.
கச்சான் சுருளைப் பிரித்து அதிர்ந்த வீடியோவுக்கு
ஆறாயிரம் பேர் வந்தார்கள்.
ஒருவர் மட்டும் எழுதினார்: பல்லில் என்ன அது?

பிறகு மூதூர்ப் படகு வீடியோ.
விடியக்காலை நாலரைக்கு எழும்பி, முகத்துக்குப் பூசி,
இறங்குதுறையில் நின்று தொண்டை கட்டக் கதைத்தது.
படுத்துவிட்டது.
நாற்பத்தொரு பேர்.
ஆனால் பார்வை ஆயிரத்து அறுநூறு.
"எவனோ மெஷின் விட்டிருக்கிறான்" என்றான் நிஃப்ராஸ்.
கோட்டைப் பெருப்பித்துப் பார்த்தேன்.
தரையோடு தரையாய் ஊர்ந்து போய்
மூன்று நிமிடம் பன்னிரண்டில்
ஒரு மலை.
நான்கு செக்கன் அகலம். அதற்குப் பிறகு மறுபடி தரை.

யாரோ அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.
கட்டாரில் இருந்து. அநேகமாக நடுச்சாமத்தில்.

அன்று கண்ணுக்கு மை வடிவாய் வந்திருந்தது,
அதற்குத்தானோ என்று முதலில் நினைத்தேன்.
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
நான் படகுக் கட்டணம் சொல்கிறேன், பிழையாகச் சொல்கிறேன்.
எனக்குப் பின்னால் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி
பையை மற்றக் கைக்கு மாற்றி,
நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்து,
கமராவை, இல்லை, கமராவுக்கு இப்பால் எதையோ பார்த்து,
திரும்பிப் போகிறாள்.

"தாயாத்தான் இருக்கும்" என்றான் நிஃப்ராஸ். குரல் இறங்கியிருந்தது.

வியாழக்கிழமை போனோம்.
டிக்கெட் கிழிக்கிற பெடியன் படத்தைப் பார்த்ததும்,
"தெய்வானை அக்கா. எட்டரைப் படகு."
வந்தாள், அதே பை.
போனை நீட்டினேன். தன்னைப் பார்த்துச் சிரித்தாள்:
"என்ன இப்பிடிக் கறுத்துப்போனன்?"
கட்டாரில் ஆர், அக்கா?
"எனக்கு ஒருத்தரும் இல்லையே பிள்ளை.
தூரத்தில எண்டால் ஒரு தங்கச்சி, அதுவும் மன்னாரில."
ஏறிப் போய்விட்டாள்.
சப்ஸ்கிரைப் கூடச் செய்யவில்லை.

இரவு மறுபடி பார்த்தேன்.
பச்சைச் சேலைக்கு அப்பால்
கயிறு கட்டும் தூணில் ஒரு காகம்.
ஒரு படகின் பெயரில் பாதி, "மதி" என்று முடிகிறது.
படத்துக்கு வெளியே யாரோ தும்முகிற சத்தம்.
கொட்டியாரக்குடா, ஒரு கீற்று.
எதற்கு வருகிறார் அவர்?
தெரிந்த ஒருவரின் தும்மலா?
தண்ணீர் மட்டுமா?
எத்தனை தரம் என்று கோட்டுக்குத் தெரியும்,
அதற்கு மேல் கேட்டால் மாதக் கட்டணம் கேட்கும்.
என் முகத்துக்கு இல்லை, அது நிச்சயம்.
இடது தோளால் கடலின் கால்வாசியை மறைத்துக்கொண்டு
அவருக்கு இடைஞ்சலாய்த்தான் நின்றிருக்கிறேன்.

இப்போதெல்லாம் படத்தின் ஓரத்தில் நிற்கிறேன்.
"முகம் இல்லாட்டி ஆர் பார்ப்பான்?"
நிஃப்ராஸ் இழுத்து நடுவில் விடுகிறான்.
கதைத்துக் கதைத்து நகர்ந்துவிடுகிறேன்.

இன்று விடிய மலை இன்னும் உயர்ந்திருந்தது.
மனம் துள்ள நாளைத் தட்டினேன், நாட்டைத் தட்டினேன்.
கட்டார் நின்று ஒன்பது நாள்.
புதுப் பார்வை முழுக்க இலங்கை, திருமலை,
இரவு பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று.

நான்தான்.

பல் தீட்டப் போகிறேன்.